குதிரை ஏன் நாம் சொன்னதைக் கேட்கிறது?

2021 ஆகஸ்ட் 6. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மாடர்ன் பென்டத்லான் நடந்துகொண்டிருந்தது. வாள்வீச்சு, நீச்சல், குதிரையில் தடை தாண்டுதல், ஓட்டம், துப்பாக்கி சுடுதல் என்று ஐந்தும் சேர்ந்த போட்டி அது. ஜெர்மனியின் அனிகா ஷ்லோய் முதலிடத்தில் இருந்தார். அடுத்து குதிரை. அந்தப் போட்டியில் யாரும் சொந்தக் குதிரையைக் கொண்டுவர முடியாது. குலுக்கலில் எது வருகிறதோ அதனோடு 20 நிமிடம் பழகிவிட்டுக் களத்தில் இறங்க வேண்டும். அவருக்கு வந்த குதிரையின் பெயர் செயின்ட் பாய்.

செயின்ட் பாய் சற்று முன்புதான் இன்னொரு வீராங்கனையைச் சுமந்துகொண்டு போய், தடைகளைத் தாண்ட மறுத்திருந்தது. இப்போது களத்துக்குள் போகவே மறுத்தது. ஷ்லோய் அழுதபடியே சாட்டையால் அடித்தார். குதிகாலில் மாட்டியிருந்த குதிமுள்ளால் விலாவைக் குத்தினார். கையில் கடிவாள வார் இறுகியே இருந்தது. வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் நன்றாக அடிக்கச் சொல்லிக் கத்தினார், கைக்கு எட்டியபோது குதிரையை முஷ்டியால் குத்தவும் செய்தார். முடிவில் குதிரைச் சுற்றில் பூஜ்ஜியம். பயிற்சியாளர் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். குதிரையில் ஏறுவதே கொடுமை என்றது ஒரு பக்கம். குதிரை ஓடவே பிறந்தது, பிடிக்காமலா இத்தனை குதிரைகள் தாண்டுகின்றன என்றது இன்னொரு பக்கம். நம் ஊரிலும் குதிரை பற்றிய பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும், இல்லையென்றால் பந்தயப் பணத்துக்குத் திரும்பிவிடும். கிண்டி குதிரைப் பந்தயம் தொடர்பாக 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த பிரபலமான தீர்ப்பும் பந்தயம் சூதாட்டமா, திறமையா என்பதைச் சுற்றியதுதான். ஓடும் குதிரைக்கு அதில் என்ன நடக்கிறது என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முதலில் ஒன்று தெரிய வேண்டும். நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒரு விலங்கு, அறுபது கிலோ மனிதர் சொல்வதை எதற்காகக் கேட்கிறது?

ஓடிப் பிழைத்த உயிர்

குதிரை ஓர் இரை விலங்கு, அதாவது வேட்டையாடும் விலங்குகளுக்கு உணவாகிவிடாமல் தப்பித்தே வளர்ந்த இனம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் அதனால் பார்க்க முடியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் மட்டும் சிறு இடம் மறைந்திருக்கும். சந்தேகம் வந்தால் முதலில் ஓடும், அப்புறம்தான் திரும்பிப் பார்க்கும்.

தொடு உணர்வும் கூர்மையானது. ஒரு ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து அதை விரட்டும். குதிரைத் தோல் தடிமன், சாட்டை உறைக்காது என்று சொல்பவர்கள் இந்த ஈயை நினைத்துக்கொள்ள வேண்டும். 2020-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் குதிரையின் தோலையும் மனிதத் தோலையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டார்கள். வலியை உணரும் நரம்புகள் இருக்கும் மேல்தோல் பகுதியில் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை என்பதே கிடைத்த விடை.

இன்னொரு குணம், நம் விவாதத்துக்கு மிக முக்கியமானது. இரை விலங்கு வலியை வெளிக்காட்டாது. கூட்டத்தில் நொண்டுவதைத்தான் புலி முதலில் பார்க்கும். நாய் அடிபட்டால் ஊளையிடும், குதிரை பெரும்பாலும் சத்தமே போடாது. அது கத்தவில்லை என்பதை வைத்து அதற்கு வலிக்கவில்லை என்று முடிவு செய்ய முடியாது.

ஃபேனை அணைக்கும் அம்மா

மே மாதக் காலை. விடுமுறை என்று எட்டு மணி வரை தூங்கும் பையனை அம்மா நான்கு முறை கூப்பிட்டுப் பார்க்கிறார். ஐந்தாவது முறை பேசாமல் வந்து ஃபேனை அணைத்துவிட்டுப் போகிறார். இரண்டு நிமிடத்தில் புழுக்கம். பையன் எழுந்து கூடத்துக்கு வருகிறான், அங்கே காற்று வருகிறது. நாளைக்கு ஃபேன் சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவான்.

இங்கே பையனுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை, அடியும் விழவில்லை. ஒரு தொந்தரவு வந்தது, சரியானதைச் செய்ததும் அது போய்விட்டது. போய்விட்டது என்பதுதான் பாடம். இப்படி, பிடிக்காத ஒன்றை விலக்குவதன் மூலம் ஒரு செயலைப் பழக்குவதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். இதில் வரும் 'எதிர்மறை' என்ற சொல்லைப் பார்த்துவிட்டுத் தண்டனை என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கில் கழித்தல் குறி இருக்கிறதே, அந்தப் பொருளில்தான் இந்தச் சொல் வருகிறது. தொந்தரவைக் கழிக்கிறோம். தண்டனை என்பது ஒரு செயலை நிறுத்துவதற்காகச் செய்வது, இது ஒரு செயலை வரவைப்பதற்காகச் செய்வது.

உலகில் பெரும்பாலான குதிரைகள் பழக்கப்படுவது இந்த வழியில்தான். ஏறியிருப்பவர் கால்களால் விலாவை லேசாக அழுத்துகிறார். குதிரை ஓரடி முன்னே வைக்கிறது. அந்த நொடியே கால்கள் தளர்கின்றன. நிற்க வேண்டுமென்றால் வாரை மெல்ல இறுக்குகிறார். நின்றதும் விடுகிறார். சில நாட்களில் கால் அசைவதற்கு முன்பே, உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு திரும்புவதை வைத்தே குதிரை புரிந்துகொள்ளும். விட்டுப் பிடி என்று நாம் சொல்கிறோமே, அதில் 'விடு' என்ற பாதிதான் குதிரைக்குப் பாடம் சொல்கிறது. பிடி வெறும் கேள்வி.

அந்தப் பிடி எங்கே விழுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடிவாளத்தின் இரும்பு, குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளியில் உட்காருகிறது. அங்கே தாடை எலும்பின் மேல் மெல்லிய சதைதான் இருக்கிறது. உங்கள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், கிட்டத்தட்டப் புரியும்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடுமாம் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். வேலைக்குச் சுணங்குபவர்களைத் திட்டுவதற்கு அதைச் சொல்கிறோம். குதிரையின் பக்கம் நின்று கேட்டால், அது எதை விரும்புகிறது, எதை விரும்பவில்லை என்பதைத் தெளிவாகச் சொன்ன வாக்கியம் அது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். குதிரை ஓடித் தப்பிக்கும் இனம், ஈயின் எடையை உணரும் தோல் உள்ளது, வலியை மறைக்கும். நாம் ஒரு சிறு அழுத்தத்தைக் கொடுத்து, அது பதில் சொன்னதும் விலக்கிக்கொள்வதால் அது நம்மோடு வேலை செய்யக் கற்றுக்கொள்கிறது.

அழுத்தம் விலகவே இல்லையென்றால்?

மறுபடியும் அந்தப் பையனிடம் வருவோம். ஒரு நாள் இரவு கரண்ட் போய்விட்டது. படுக்கையிலும் புழுக்கம், கூடத்திலும் புழுக்கம், மொட்டை மாடியிலும் காற்றே இல்லை. முதலில் புரள்வான், எழுந்து நடப்பான், விசிறியைத் தேடுவான். எதுவும் பலிக்காதபோது பேசாமல் படுத்துவிடுவான். வெளியிலிருந்து பார்த்தால் நிம்மதியாக இருப்பதுபோலத் தெரியும்.

என்ன செய்தாலும் தொந்தரவு போகாது என்று தெரிந்தபின் முயற்சியையே விட்டுவிடும் இந்த நிலைக்குக் கற்ற இயலாமை என்று பெயர். மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1967-ல் நாய்களை வைத்துச் செய்த சோதனையில் இதைக் காட்டினார்கள். தப்பிக்க முடியாத மின்னதிர்ச்சிக்குப் பழகிய நாய்கள், பிறகு தப்பிக்க வழி திறந்திருந்தபோதும் படுத்தே கிடந்தன. அந்தச் சோதனையே இரக்கமற்றது என்பது என் எண்ணம். ஆனால் அது சொன்ன செய்தி குதிரை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டியது. சாதுவான குதிரை என்று நாம் பாராட்டும் ஒன்று, உண்மையிலேயே அமைதியாக இருக்கலாம். எல்லாவற்றையும் கைவிட்ட குதிரையாகவும் இருக்கலாம்.

எல்லாக் குதிரையும் கைவிடாது. சில எதிர்க்கும். காலால் 'போ' என்று சொல்லிக்கொண்டே கையால் வாரை இழுத்துப் பிடித்தால் குதிரைக்கு எந்தப் பதிலும் சரியான பதில் கிடையாது. முன்னே போனால் வாயில் வலி, நின்றால் விலாவில் வலி. வீட்டுக்கு வா என்று கூப்பிட்டுக்கொண்டே வாசல் கதவைச் சாத்துவது போன்றது இது. மிஞ்சியிருக்கும் வழிகள் பின்னால் நகர்வதும் முன்னங்கால்களைத் தூக்கி எழுவதும் திமிறி ஓடுவதும்தான். டோக்கியோவில் செயின்ட் பாய் செய்தது அதுதான். தொலைக்காட்சியில் அதைப் பிடிவாதம் பிடித்த குதிரை என்றார்கள். எனக்கு அது கேட்கப்பட்ட கேள்விக்கு விடையே இல்லாமல் தவித்த உயிராகத்தான் தெரிந்தது. ஷ்லோய் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. முன்பின் தெரியாத இருவரை 20 நிமிடத்தில் இணைத்து, உலகமே பார்க்க நிறுத்திய விதிமுறைமேல்தான் வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு அந்தப் போட்டியிலிருந்து குதிரையை எடுத்துவிட்டார்கள். 2028 முதல் அதன் இடத்தில் மனிதர்களே தடைகளைத் தாண்டி ஓடும் சுற்று வருகிறது.

வலி தெரியும் இடங்கள்

கத்தாத விலங்கின் வலியை எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்தைப் பார்த்து. 2014-ல் இத்தாலியை மையமாகக் கொண்ட ஆய்வுக் குழு ஒன்று, அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குதிரைகளின் முகங்களைப் படம்பிடித்து ஒப்பிட்டது. காதுகள் விறைத்துப் பின்னோக்கித் திரும்புவது, கண்ணுக்கு மேல் சுருக்கம் விழுவது, தாடைத் தசை புடைப்பது, உதடு இறுகுவது, மூக்குத் துளை விரிந்து இறுகுவது போன்றவை வலியோடு சேர்ந்தே வந்தன. ஏறியிருக்கும்போது பார்க்க வேண்டியவற்றைத் தனியாகத் தொகுத்தவர் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சூ டைசன். வாயைத் திறந்து மூடுதல், வாலைச் சுழற்றுதல், தலையை உதறுதல் என்று 24 அறிகுறிகள். எட்டோ அதற்கு மேலோ ஒன்றாகத் தெரிந்தால் குதிரைக்கு வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறது அவரது பட்டியல். இவற்றில் பலவற்றைத்தான் பல காலமாக 'குறும்பு', 'திமிர்' என்று சொல்லி அடித்து வந்தார்கள்.

குதிரை நம்மை இதைவிட நன்றாகப் படிக்கிறது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கழித்தல் போடுகிறது என்று ஊரே திரண்டது. விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற ஆய்வாளர் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் எதிரில் நிற்பவரின் தலை இம்மியளவு அசைவதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. அந்த அசைவு அவர்களுக்கே தெரியாது. இதற்குக் கணக்குத் தெரியாதா என்று பலர் ஏமாற்றம் அடைந்தார்கள். அவ்வளவு மெல்லிய அசைவே போதும் என்ற விலங்கிடம் பேச எதற்கு இரும்பு முள்?

போட்டி வந்தால் என்ன மாறுகிறது

வீட்டு முற்றத்தில் குதிரை ஒரு நாள் மறுத்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடலாம். களத்தில் நாளை கிடையாது. கடிகாரம் ஓடுகிறது, நடுவர் புள்ளி போடுகிறார். அழுத்தத்தை விலக்க வேண்டிய நொடியில் விலக்காமல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்கத் தூண்டும் இடம் அது. எவ்வளவு நல்லவரையும் தூண்டும். என் பார்வையில் குதிரை விளையாட்டுகளின் அறச்சிக்கல் முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் இருக்கிறது.

மூக்குப்பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கைச் சுற்றித் தாடையோடு சேர்த்துக் கட்டும் வார் அது. அதற்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய விதி. 2017-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 750 போட்டிக் குதிரைகளை அளந்து பார்த்தார்கள். விதிப்படி இரண்டு விரல் இடைவெளி இருந்தவை 7 சதவீதம். ஒரு விரலும் நுழையாதபடி இறுக்கப்பட்டவை 44 சதவீதம். ஏன் இறுக்குகிறார்கள்? வலியில் குதிரை வாயைத் திறந்தால் புள்ளி குறையும். பட்டை இறுகினால் வாய் திறக்காது. வலி அப்படியே இருக்கும், அதைச் சொல்லும் வழி மட்டும் அடைபடும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025 முதல் இதை அளக்கத் தனிக் கருவியைக் கொண்டுவந்திருக்கிறது. தாமதமானாலும் சரியான வேலை.

சாட்டை விஷயத்தில் நார்வே முன்னே போனது. 1982-லேயே பந்தயத்தில் சாட்டையைப் பெருமளவு கட்டுப்படுத்தி, 2009-ல் கிட்டத்தட்ட முழுவதுமாக நீக்கிவிட்டது. அங்கே பந்தயங்கள் இன்றும் நடக்கின்றன.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டன் விலகினார். ஒரு பயிற்சியின்போது அவர் நீண்ட சாட்டையால் குதிரையின் கால்களில் திரும்பத் திரும்ப அடிக்கும் பழைய காணொளி வெளிவந்ததுதான் காரணம். ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அடுத்தடுத்து விழும் அடிகளுக்கு நடுவே குதிரை பதில் சொல்ல நேரமே இல்லை. நாம் மேலே பார்த்த கற்பித்தல் முறையின்படியே பார்த்தாலும் அதில் பாடம் என்று எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் பிறகு அடிக்கடி கேட்கும் சொல் சமூக ஒப்புதல். சட்டம் தரும் உரிமம் வேறு, 'இதைச் செய்துகொள்ளுங்கள், எங்களுக்குச் சம்மதம்' என்று பொதுமக்கள் மனதால் தரும் அனுமதி வேறு. இரண்டாவதுதான் சமூக ஒப்புதல். அது எழுதித் தரப்படுவதில்லை, ஒரே காணொளியில் போய்விடவும் கூடும்.

மீதி இருபத்து மூன்று மணி நேரம்

ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் பெரும்பாலான குதிரைகளின் முதுகில் மனிதர் இருப்பது நாளுக்கு ஒரு மணி நேரம். மிச்ச நேரம் எங்கே நிற்கிறது?

குதிரையின் இரைப்பை சிறியது. அமிலம் அதில் நாள் முழுவதும் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். மேய்ச்சலில் விட்டால் நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருப்பது அதனால்தான். நாம் காலையில் ஒரு வாளி கொள்ளு, மாலையில் ஒரு வாளி என்று வைத்துவிட்டு நடுவில் வெறும் வாயோடு கட்டிவைத்தால் இரைப்பை புண்ணாகும். பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பான்மைக்கு இந்தப் புண் இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பிறகு அது கூட்டமாக வாழும் விலங்கு. லாயத்தில் தனியே அடைத்தால் மரச்சட்டத்தைக் கடித்துக் காற்றை உள்ளிழுப்பதும், நின்ற இடத்திலேயே இடமும் வலமும் ஆடுவதும் பழக்கமாகிவிடும். அதைக் கெட்ட பழக்கம் என்று சொல்லிக் கழுத்தில் பட்டை கட்டுவார்கள். தீவனம், துணை, திறந்த வெளி என்ற மூன்றில் எது இல்லை என்று பார்ப்பதே வைத்தியம்.

இதில் நமக்குப் பழைய கதை ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் கரைக்கு ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. வருடம் முடிவதற்குள் நூறு கூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார் மார்கோ போலோ. பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, சோற்றோடு இறைச்சியைச் சமைத்துப் போடுகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். கணக்கை அவர் கூட்டியிருக்கலாம். ஆனாலும் புல் தின்னும் விலங்குக்குத் தன் தட்டில் இருப்பதையே உயர்ந்த உணவு என்று எண்ணிப் போடும் அன்பு, இன்றும் பல லாயங்களில் இருக்கிறது. கெட்ட எண்ணம் இல்லாமலே ஒரு குதிரையைக் கொன்றுவிட முடியும்.

அப்படியென்றால் ஏறலாமா?

ஏறலாம் என்றுதான் நினைக்கிறேன், நிபந்தனையோடு. ஏறக்குறைய 4,200 ஆண்டுகளாக நாம் முதுகு வலுவுள்ளதும் சட்டென்று மிரளாததுமான குதிரைகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறோம் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. இன்றுள்ள குதிரைகள் நம் கையில்தான் உருவானவை. எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டால் போகக் காடு இல்லை. அழுத்தம் சிறியதாக இருந்து, பதில் வந்ததும் விலகி, குதிரை 'முடியாது' என்று சொல்லும்போது அது கேட்கப்பட்டு, இறங்கியபின் அதற்குப் புல்லும் துணையும் இருந்தால், ஏறுவதில் நான் குற்றம் காணவில்லை. இந்த நான்கில் ஒன்றைக் கைவிட்டால்தான் வெல்ல முடியும் என்கிற போட்டியை விட்டுவிடலாம்.

மெரினாவில் பிள்ளைகளை ஏற்றும்போது இதைப் பார்க்கலாம். வாயோரம் புண் இருக்கிறதா? சேணத்துக்குக் கீழே மயிர் உதிர்ந்திருக்கிறதா? விலா எலும்பு எண்ண முடிகிறதா? நிழலும் தண்ணீரும் அருகில் உண்டா? ஓட்டுபவர் நிறுத்தியதும் வாரைத் தளர்த்துகிறாரா? நன்றாக வைத்திருக்கும் குதிரைக்காரரிடம் போய் ஏறினால் அவருக்கும் அந்தக் குதிரைக்கும் அது ஆதரவு.

கடைசியாக, என் மனதை விட்டு அகலாத ஒரு சோதனை. 2016-ல் நார்வே ஆய்வாளர்கள் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளை அறிமுகப்படுத்தினார்கள். ஒன்றை மூக்கால் தொட்டால் கம்பளி போர்த்துவார்கள், இன்னொன்றைத் தொட்டால் எடுத்துவிடுவார்கள், மூன்றாவது 'இப்படியே இருக்கட்டும்'. 23-ம் கற்றுக்கொண்டன. மழையும் குளிருமான நாளில் போர்வை கேட்டன, வெயில் நாளில் வேண்டாம் என்றன. அந்தப் பலகைகளோடு நான்காவதாக ஒன்றை மாட்டிவைக்க வேண்டும் என்பது என் ஆசை. தொட்டால் சேணம் லாயத்திலேயே தொங்கும், அன்றைக்கு யாரும் ஏற மாட்டார்கள்.